பொம்மனஹள்ளிக்குப் போன பத்தொன்பது கற்கள்

காலை 6.10. கிருஷ்ணகிரி பேருந்து நிலையம்.

பெங்களூருக்குப் போகிறவர்கள் வேலை தேடிப் போவார்கள், விமானம் ஏறப் போவார்கள், மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவார்கள். நான் ஒரு பெட்டி நிறையக் கல் எடுத்துக்கொண்டு போனேன். எடுத்துக்கொண்டு போனேன் என்று சொல்வதும் முழு உண்மையில்லை. பெட்டியைத் தூக்கியவர் முனிராஜ். நான் இயற்பியல் நடத்துகிற மேல்நிலைப் பள்ளியில் அவர் ஆய்வக உதவியாளர். இரண்டு முழம் நீளம், ஒரு முழம் அகலம், தேக்குப் பெட்டி. உள்ளே பலகை வைத்துத் தடுத்த இருபது குழிகள். குழிக்கு ஒரு கல். கனிமங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக எந்தக் காலத்திலோ வாங்கிப் போட்டது.

"குடுங்க முனிராஜ், மாத்தி மாத்தித் தூக்கலாம்" என்றேன்.

"வேணாம் டீச்சர். பழி எம்மேல. பெட்டியும் எங்கிட்டயே இருக்கட்டும்."

அன்று அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. பொம்மனஹள்ளி வரைக்கும் அதுவே கடைசி வாக்கியமும்.

விஷயம் இதுதான். ஆயுத பூஜைக்கு எங்கள் ஆய்வகத்தில் எதையும் விட்டு வைப்பதில்லை. நுண்ணோக்கிக்குச் சந்தனம், பியூரெட் தாங்கிக்குக் குங்குமம், உயிரியல் பிரிவு எலும்புக்கூட்டுக்கு நெற்றியில் மூன்று பட்டையும் கழுத்தில் சாமந்தி மாலையும். இந்த வருடம் கல் பெட்டிக்கும் பூஜை என்று முடிவானது. ஒரே தூசி. முனிராஜ் கற்களைக் கழுவினார். ஒவ்வொரு கல்லிலும் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டு கரைந்து கூழாகிப் போனது. மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த பட்டியலை அதற்கு முந்தைய வருடமே கரையான் படித்து முடித்துவிட்டது. பூஜை முடிந்து கற்களை அளவு பார்த்து அதனதன் குழியில் திரும்ப அடுக்கினால் பத்தொன்பதுதான் இருந்தன. இருபதாவது குழி காலி.

இருப்புப் பதிவேட்டில் "கனிம மாதிரிகள், எண்ணிக்கை 20" என்று மட்டும் இருக்கிறது. பெயர் கிடையாது. ஆய்வகப் பொறுப்பு என்னிடம். தலைமை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். "கழுவிய பின் ஒரு கல் குறைகிறது. கழுவியவர் திரு. முனிராஜ்." இரண்டும் உண்மையான வாக்கியங்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்ததும் ஒரு திருடன் கிடைத்துவிட்டான். கழுவச் சொன்னது யார் என்று நான் எழுதவில்லை, தலைமை ஆசிரியரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் இருபது கல்லும் பெட்டியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முனிராஜின் பணிப்பதிவேட்டில் குறிப்பு ஏறும் என்று சொல்லிவிட்டார். இருபத்தாறு வருட வேலையில் அந்தப் பதிவேட்டில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. இன்று சனிக்கிழமை.

என் யோசனை இப்படி இருந்தது. இருக்கிற பத்தொன்பதும் என்னென்ன என்று தெரிந்தால், இல்லாதது எது என்று ஊகிக்கலாம். ஊகித்தால் அதை வாங்கி வைத்துவிடலாம். சேலத்தில் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த பரிமளா நிலவியல் படித்தவள். பொம்மனஹள்ளியில் ஒரு கல் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். தொலைபேசியில் கேட்டதும், "எடுத்துட்டு வாடி, பாத்துடலாம்" என்றாள். முனிராஜ் தானும் வருவேன் என்று நின்றார். கல்லை அவர் கண் மறைவில் வைத்து நான் இன்னொன்றைத் தொலைத்துவிட்டு அதையும் அவர் தலையில் கட்டிவிடுவேனாம். வாய்விட்டுச் சொல்லவில்லை. முகத்தில் எழுதியிருந்தது.

காலை 6.40. பேருந்து.

பொம்மசந்திராவுக்குத் தலைக்கு எழுபத்தைந்து ரூபாய். பரிமளாவின் உத்தரவு அது. பேருந்து எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிவிட்டால் பொம்மனஹள்ளி தலைக்குக் கீழே போய்விடுமாம், முன்னாடியே இறங்கி மெட்ரோ பிடிக்க வேண்டுமாம்.

நடத்துநர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "என்னங்க இதுல?"

"கல்லு" என்றார் முனிராஜ்.

"ஏங்க, நம்ம ஊர்ல இருந்து லாரி லாரியா போறது பத்தாதுன்னு நீங்க பஸ்ல வேற எடுத்துகினு போறீங்களா?"

பேருந்து சிரித்தது. முனிராஜ் சிரிக்கவில்லை. என்னிடமிருந்து இரண்டு வரிசை முன்னால் போய், பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மாள். சந்தைக்குப் போகிறவர். பெட்டியில் என்ன என்று அவரும் கேட்டார். என்னிடம் வாய் திறக்காத மனுஷன் அந்த அம்மாளிடம் பேசினார் பாருங்கள், கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் தொடங்கியவர் சூளகிரி வரை நிறுத்தவில்லை.

"கல்லு ஒன்னு காணாம பூட்ச்சும்மா. நான் எடுத்துட்டனாம்."

"அட கடவுளே. யாரு சொன்னது?"

முனிராஜ் பெயர் சொல்லவில்லை. மெதுவாகத் திரும்பி, தாடையை மட்டும் தூக்கி என்னைக் காட்டினார். பூக்கார அம்மாள் திரும்பிப் பார்த்தார். பின்னால் இருந்தவர்களும் பார்த்தார்கள். நான் ஜன்னல் வழியே சூளகிரி மலையைப் பார்த்தேன். மலை நன்றாக இருந்தது. இறங்கும்போது அந்த அம்மாள் முனிராஜ் கையில் ஒரு முழம் பூவைக் கொடுத்து, பெட்டிக்கு வையுங்கள், எல்லாம் சரியாகும் என்றார். எனக்கு ஒரு இதழ்கூட இல்லை.

காலை 8.00. ஓசூர்.

பேருந்து பத்து நிமிடம் நிற்கும். டீ பதினைந்து ரூபாய். டீ மாஸ்டரிடமும் முனிராஜ் கதையை ஆரம்பித்துவிட்டார். இருபத்தாறு வருஷம், ஒரு சோதனைக்குழாய்கூட உடைச்சது கிடையாது, இப்போ திருடன்னு பேரு. இந்த முறை கறிவேப்பிலைச் செடியும் கதையில் சேர்ந்தது. தலைமை ஆசிரியர் தன் அறை வாசலில் தொட்டியில் ஆசையாக வளர்த்த செடி. ஆயுத பூஜைக்குப் பிறகு நாலே நாளில் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாகிவிட்டது. தண்ணீர் ஊற்றுகிறவர் முனிராஜ் என்பதால் அதுவும் அவர் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

"செடிய சாவடிச்சது நானு, கல்ல எடுத்தது நானு. இன்னும் என்னென்ன பண்ணேன்னு அவங்களத்தான் கேக்கணும்" என்று முடித்து, தாடையைத் தூக்கினார்.

டீ மாஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்கு வந்த டீயில் சர்க்கரை இல்லை. தற்செயலாக இருக்கலாம்.

காலை 8.50. பொம்மசந்திரா மெட்ரோ நிலையம்.

அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வந்து இறங்கினோம். நிலையம் பளிங்குபோல் இருக்கிறது. பொம்மனஹள்ளிக்குத் தலைக்கு ஐம்பது ரூபாய். பையையெல்லாம் இயந்திரத்துக்குள் விட வேண்டும். எங்கள் பெட்டி உள்ளே போனது. வெளியே வரவில்லை. பட்டை நின்றுவிட்டது. திரையில் பத்தொன்பது கறுப்பு உருண்டைகள் வரிசையாக நின்றன. எனக்கே பார்க்க பயமாகத்தான் இருந்தது.

கொண்டையில் மல்லிகை வைத்த காவலர் அம்மாள் ஒருவர் எழுந்து வந்தார். "ஏனிது?"

நான் என் ஆங்கிலத்தைத் தயார் செய்வதற்குள் முனிராஜ் கன்னடத்தில் இறங்கிவிட்டார். அவருக்குக் கர்நாடக எல்லையில் தளி பக்கம். கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. பூப்போட்ட பெட்டியைத் திறந்து காட்டினார்.

"கல்லு மேடம். இப்பத்து இர்பேக்கு. ஹத்தொம்பத்தே இதே. ஈ மேடம் நன்ன கள்ள அந்தாரே."

இருபது இருக்க வேண்டும், பத்தொன்பதுதான் இருக்கிறது, இந்த மேடம் என்னைத் திருடன் என்கிறார். இதைப் புரிந்துகொள்ளக் கன்னடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தாடை போதும். காவலர் அம்மாள் "அய்யோ பாப்பா!" என்றார். அய்யோ பாவம் என்று அர்த்தம், எனக்கு இல்லை. அவருக்கு மட்டும் நாற்காலி காட்டி உட்காரச் சொல்லிவிட்டு என் கைப்பையை இரண்டு தடவை சோதித்தார். மூக்குக்கண்ணாடிக் கூட்டைக்கூடத் திறந்து பார்த்தார். காணாமல் போன கல் அதில் இருக்கலாம் அல்லவா.

காலை 9.40. பொம்மனஹள்ளி.

நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் குறைவு. இரண்டு சந்து திரும்பினால் ஒரு டைல்ஸ் கடை, அதற்கு மேல் மாடியில் பரிசோதனைக் கூடம். ஏற்றுமதிக்குப் போகிற கிரானைட் பலகைகளில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் சொல்கிற இடம். பரிமளா இதே பெங்களூரில், தொம்மலூரில் பிறந்து வளர்ந்தவள். சேலத்தில் மூன்று வருடம் இருந்தும் அவள் பேச்சை எங்களால் மாற்ற முடியவில்லை.

"வாடி விஜி, வாங்கண்ணா. ஸ்வல்ப உக்காருங்க. காப்பி சொல்லிருக்கேன்." பெட்டியைத் திறந்தாள். பூவைப் பார்த்தாள். சில கற்களில் குங்குமம் இன்னும் இருந்தது. "ஏ, சாமி கும்பிட்டுதான் வெச்சிருக்கீங்களா? சக்கத்தா, சூப்பரா இருக்கு!"

பெரிய இயந்திரம் எதையாவது போட்டுப் பார்ப்பாள் என்று நினைத்தேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு இரும்பாணி, ஒரு பழைய செப்புக் காசு, ஒரு காந்தம், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, கீழ்க் கடையில் வாங்கிய உடைந்த டைல் ஒன்று, இவ்வளவுதான் எடுத்து வைத்தாள். டைலின் மெருகில்லாத பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டாள்.

கறுப்பாகப் பளபளத்த ஒரு கல்லைக் காட்டி, "இது நிலக்கரிதானே?" என்றேன்.

"கலர பாத்து பேசாதடி. கலர் பொய் சொல்லும்." கல்லை டைலில் ஒரு இழுப்பு இழுத்தாள். கறுப்புக் கல், செங்கல் நிறத்தில் கோடு போட்டது. "பாத்தியா? ஹேமடைட். இரும்புக் கல்லு. மேல எந்த வேஷம் போட்டாலும், தேய்ச்சா உண்மைய கக்கிடும்."

முனிராஜ் டைலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மனுசங்கள தேய்ச்சுப் பாக்க இந்த மாரி ஒன்னு கிடைக்குமா மேடம்?" என்றார். பரிமளா என்னைப் பார்த்தாள். நான் குறிப்பு எழுதுவதில் மும்முரமானேன்.

எழுதுவதற்குக் காகிதம் கொண்டு வரவில்லை. தலைமை ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல்தான் பையில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன். ஒன்று, ஹேமடைட். இரண்டு, காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்ட மேக்னடைட். மூன்றாவது கல்லை நகத்தால் கீறினாலே மாவு வந்தது. தொட்டால் சோப்புக் கட்டிபோல வழுக்கியது. "டால்க். உன் பவுடர் டப்பால இருக்கறது" என்றாள். நான்காவது ஒரு கை அளவு ஏடு ஏடாக உரிந்தது. அது மைக்கா என்று எனக்கே தெரிந்துவிட்டது. தெரிந்த சந்தோஷத்தில் இரண்டு ஏடு அதிகமாகவே உரித்துவிட்டேன், பரிமளா கையில் ஒரு அடி போட்டாள். ஐந்தாவது, அளவுக்குச் சம்பந்தமில்லாத கனம். உடைந்த பக்கமெல்லாம் சின்னச் சின்னச் சதுரங்கள். கலீனா, ஈயக் கல். "இத தொட்டா கைய கழுவிக்கோ."

வெள்ளையாக, கண்ணாடிபோல் இரண்டு கற்கள். எனக்கு இரட்டைப் பிள்ளைகளாகத்தான் தெரிந்தன. ஒன்றைச் செப்புக் காசால் கீறினாள், கோடு விழுந்தது. இன்னொன்றில் காசுதான் தேய்ந்தது. "இது குவார்ட்ஸ். கண்ணாடியையே கீறும், பாரு" என்று என் இடது கையைப் பிடித்தாள். கைகுலுக்குகிறாளோ என்று நினைத்தேன். என் கைக்கடிகாரத்தின் கண்ணாடியில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டாள்.

"அடிப்பாவி!"

"கடியாரம் ஓடுதுல்ல? சும்னே கத்தாதே."

முனிராஜ் அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

என் கடிதத்தைத் திருப்பிப் போட்டு, காசுக்குக் கீறல் விழுந்த கல்லை அதன் மேல் வைத்து, "பாருங்கண்ணா உள்ள" என்றாள். முனிராஜ் குனிந்து பார்த்தார். எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அவர் பார்த்த இடத்தில் அவர் பெயரே இருந்தது.

"டீச்சர், ரெண்டு முனிராஜ் தெரியுறாங்க."

"கால்சைட்" என்றாள் பரிமளா.

"ஒரு முனிராஜுக்கே பழி தாங்கல. இன்னொருத்தன் எதுக்குங்க?"

இரட்டை ஒளிவிலகல். பன்னிரண்டாம் வகுப்புக்கு வருடா வருடம் படம் போட்டு நடத்துகிறேன். அந்தக் கல் என் அலமாரியிலேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருநாளும் எடுத்து ஒரு எழுத்தின் மேல் வைத்துப் பார்த்ததில்லை. இதை எந்த மாணவனிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ, தங்கம்போல் மின்னிய ஒரு கல் வந்தது. பைரைட், டைலில் கறுப்பாகக் கோடு போடுகிற போலித் தங்கம். பெட்டியிலேயே பளபளப்பானது அதுதான். முனிராஜ் அதை விரலால் மெல்லத் தள்ளி என் முன்னால் வைத்தார்.

"திருடறவன் இத வுட்டுட்டா போவான் டீச்சர்?"

குரலில் கோபமில்லை, கேட்டுத் தெரிந்துகொள்வது மாதிரிதான் கேட்டார். பத்து நாளாக இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

காலை 11.45.

பத்தொன்பதும் முடிந்தன. ஜிப்சம், கந்தகம், பென்சில் போல எழுதிய கிராஃபைட், சேலத்து மேக்னசைட், செம்மணிகளாகக் கார்னெட், இன்னும் சில. கடிதத்தின் பின்பக்கம் நிரம்பிவிட்டது. "இப்ப சொல்லு, எது இல்ல?" என்றேன்.

பரிமளா உதட்டைப் பிதுக்கினாள். "எப்பிடிடி சொல்றது? ஸ்கூல் பெட்டில எத வேணா வெப்பாங்க. இல்லாத கல்ல எத வெச்சு கீறிப் பாக்கறது?"

முனிராஜின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப திங்கக்கிழமை எழுதிடுவாங்க" என்றார், யாரிடமும் இல்லாமல். வரும் வழியெல்லாம் என்னை ஊர் சிரிக்க வைத்தவர்தான். ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பரிமளா காலிக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உருப்பெருக்கியை எடுத்துப் பெட்டிக்குள் தலையை விட்டாள்.

"விஜி, இங்க பாரு. தடுப்புப் பலகைக்கு எல்லாம் ஆணி அடிச்சிருக்கு. பத்தொம்பது குழிலயும் ஆணி நல்லா இருக்கு. இந்தக் குழில மட்டும் துரு பிடிச்சு தின்னுருக்கு. மூலைல வெள்ளையா பூத்திருக்கு பாரு."

"பூஞ்சையா இருக்கும்."

அவள் விரலை எச்சில் தொட்டு, குழியின் மூலையில் ஒற்றி எடுத்து, நாக்கில் வைத்தாள்.

"ஏய்! எத்தனை வருஷமா கரப்பான் குடித்தனம் பண்ற பெட்டிடி அது!"

"எங்க தொழில்ல நாக்கும் ஒரு கருவி. எல்லாத்தையும் நக்கக் கூடாது, ஈயக் கல்ல நக்கினா ஆஸ்பத்திரிதான். இது பரவால்ல." கண்ணை மூடிச் சப்புக் கொட்டினாள். கண்ணைத் திறந்து முனிராஜைப் பார்த்தாள். "அண்ணா, கல்லையெல்லாம் எப்பிடி கழுவினீங்க?"

"பக்கெட்ல தண்ணி புடிச்சு, சோப்புத் தூள் போட்டு, எல்லாத்தையும் உள்ள போட்டேன் மேடம்."

"எவ்ளோ நேரம்?"

"ராத்திரி முழுக்க ஊறுச்சு."

"ராத்திரி முழுக்கவா? யாரு அப்பிடி சொன்னது?"

நான் தாடைக்காகக் காத்திருந்தேன். பேருந்தில், டீக்கடையில், மெட்ரோவில் தூங்காமல் வேலை செய்த தாடை. அது அசையவில்லை. முனிராஜ் குனிந்து கற்களை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தார். சொல்ல வேண்டிய இடம் இது ஒன்றுதான், இங்கே அவர் சொல்லவில்லை.

"நான்தான்" என்றேன். "அழுக்கு போகவே போகாது, ராத்திரி முழுக்க ஊறட்டும்னு நான்தான் சொன்னேன். லேபிள் போனா போகுது, நான் புதுசா எழுதிக்கறேன்னும் சொன்னேன்."

"அந்தத் தண்ணிய என்ன பண்ணீங்கண்ணா?"

"வீணா எதுக்குக் கொட்டறதுன்னு எச்செம் ரூம் வாசல்ல கறிவேப்பிலைத் தொட்டில ஊத்துனேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். "செடி காஞ்சு பூடுச்சு மேடம். அதனாலயா?"

பரிமளா சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் சரிந்துவிட்டாள். "உப்புடி! ஹேலைட்! கல்லுப்பு! உன் இருபதாவது கல்லு உப்பு. ஊற வெச்சு, கரைச்சு, செடிக்கு ஊத்திட்டு, திருடன தேடிட்டு இருக்கியா நீ?"

நான் நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை என்பதுதான் சரி. "நீயே பாரு" என்றாள். விரலை ஒற்றி நாக்கில் வைத்தேன். உப்பு. சந்தேகமே இல்லாத, சுத்தமான உப்பு. "இப்பிடி குடுங்க டீச்சர்" என்று முனிராஜும் ஒற்றிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் காப்பி கொண்டு வந்தவர் கதவைத் தள்ளினார். மூன்று பெரியவர்கள் ஒரு காலிப் பெட்டியைச் சுற்றி நின்று விரல் சப்பிக்கொண்டிருந்தோம். காப்பியை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உப்பு தண்ணீரில் கரையும் என்று படிக்காத ஆறாம் வகுப்புப் பிள்ளை உண்டா? எனக்கு அவமானமாக இருந்தது. கல் கரைந்ததுகூடப் பெரிதில்லை. கல் இல்லை என்றதும் என் கண் நேராக முனிராஜ் மேல்தான் போனது, பக்கெட் பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லை. அதுதான் என்னைத் தின்றது.

"முனிராஜ், என்னை மன்னிச்சிடுங்க. நான் எழுதினது தப்பு. நினைச்சதும் தப்பு."

அவர் காலிக் குழியைப் பார்த்தார். "உப்புக்கா டீச்சர்?" என்றார். "உப்புக்கா என்னை திருடன்னீங்க? எங்க வூட்ல ஒரு ஜாடி நெறைய இருக்குதே, கேட்டிருந்தா குடுத்திருப்பேனே!"

மதியம் 12.30.

பெங்களூரில் நாட்டு மருந்து விற்கிற கடைக்குக் கிரந்திகே அங்கடி என்று பெயர். பரிமளா ஒன்றுக்கு அழைத்துப் போனாள். கடைக்காரர் தட்டிலே பரப்பிய இந்துப்புக் கட்டிகளில் முனிராஜ் கால் மணி நேரம் தேடினார். செப்புக் காசை வாங்கிக் கீறிப் பார்த்தார். முனை சதுரமாக உடைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் எலுமிச்சை அளவில், இளஞ்சிவப்பில் ஒன்றைப் பிடித்து, "இது" என்றார். மற்றவர்கள் வைத்தியத்துக்கு வாங்குகிறார்கள், இவர் என்ன மோதிரத்துக்கா பார்க்கிறார் என்று கடைக்காரர் பரிமளாவிடம் கேட்டார். நாற்பது ரூபாய்.

பக்கத்து உணவகத்தில் தட்டு இட்லி. தட்டு அளவுக்கே ஓர் இட்லி, பெயருக்கு ஏற்ற வேலை. சாம்பார் அந்த ஊர் வழக்கப்படி வெல்லம் போட்டது. முனிராஜ் ஒரு வாய் வைத்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உப்பு கம்மியா இருக்குது டீச்சர். கொஞ்சம் கரைக்கலாமா?"

இந்தத் தடவை நாங்கள் மூவருமே சிரித்துவிட்டோம்.

மதியம் 1.40. திரும்பும் வழி.

பரிமளா நிலையம் வரை வந்து வழியனுப்பினாள். ரயிலில் முனிராஜ் என் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்தார். பெட்டியின் ஒரு முனை அவர் மடியில், மறு முனை என் மடியில். பொம்மசந்திராவில் இறங்கி வெளியே வரும்போது சோதனை கிடையாது, அப்படியே நழுவிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மல்லிகைப்பூ காவலர் அம்மாள் ஷிப்ட் முடிந்து கைப்பையோடு வாசலில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணா! கள்ள சிக்கித்னா?"

திருடன் சிக்கினானா என்று கேட்கிறார். முனிராஜ் என்னைப் பார்த்தார். தாடை அப்போதும் அசையவில்லை. அதனால் நானே கையை நெஞ்சில் வைத்துச் சொன்னேன்.

"நானே."

அந்த அம்மாளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. முனிராஜ் பக்கெட், உப்பு, கறிவேப்பிலை என்று கன்னடத்தில் விளக்க விளக்க அவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போகும்போது கொண்டையிலிருந்து ஒரு துண்டு மல்லிகையைக் கிள்ளி என்னிடம் கொடுத்தார். அனுதாபமா, மரியாதையா என்று இன்றுவரை தெரியவில்லை. வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

மாலை 3.10. ஓசூர்.

கிருஷ்ணகிரி பேருந்து தயாராக நின்றது. முனிராஜ் ஏறவில்லை. "டீ மாஸ்டர் கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடலாம் டீச்சர்" என்றார். நியாயம்தான். பூக்கார அம்மாளைத் தேடிப் பிடிக்க முடியாது, டீ மாஸ்டர் எங்கே போய்விடப் போகிறார்? கடை முன்னால் நின்று நானே முழுக் கதையையும் சொன்னேன். இந்த முறை என் டீயில் சர்க்கரை சரியாக இருந்தது.

மாலை 3.40. பேருந்து.

பெங்களூரில் என்ன பார்த்தாய் என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு மெட்ரோ, இரண்டு சந்து, ஒரு காலிக் குழி. பூங்கா பார்க்கவில்லை, அரண்மனை பார்க்கவில்லை. பதினேழு வருடமாக என் அலமாரியில் இருந்த பெட்டியைத்தான் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அதை எப்போதும் துடைத்து வைத்த மனிதரையும்தான்.

சூளகிரி தாண்டுவதற்குள் தலைமை ஆசிரியருக்குப் புதுக் கடிதம் எழுதி முடித்தேன். கல்லைக் கழுவச் சொன்னவர், இரவு முழுவதும் ஊற வைக்கச் சொன்னவர், கரைத்தவர், செடி காயக் காரணமானவர் எல்லாம் ஒருவரே என்றும், அவர் இக்கடிதத்தில் கையொப்பமிட்டுள்ளவர் என்றும் எழுதினேன். முனிராஜிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், திங்கட்கிழமை தானே கொண்டு போய்க் கொடுப்பதாகச் சொன்னார்.

பிறகு என் பேனாவை வாங்கி, பரிமளா கொடுத்தனுப்பிய சீட்டுகளில் பெயர் எழுத ஆரம்பித்தார். பேருந்து குலுங்கக் குலுங்க, நான் சொல்லச் சொல்ல, ஒன்று முதல் பத்தொன்பது வரை. இருபதாவதற்கு நான் சொல்லவில்லை, அவரே எழுதினார். எழுதிய சீட்டின் அடியில் "பொறுப்பாசிரியர் கையொப்பம்" என்று ஒரு கோடும் போட்டு என்னிடம் நீட்டினார்.

"20. கல்லுப்பு. தண்ணீரில் கழுவக் கூடாது. டீச்சர் சொன்னாலும் கழுவக் கூடாது."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.